அச்சான ஆய்வை எடைபோடுவது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

சமூக அறிவியல், நலவாழ்வு, கல்வி ஆகிய துறைகளில் வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகளைத் திறனாய்வு செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கல்வியியல் முதுகலை படிக்கிறேன். ஓர் ஆய்வுக் கட்டுரையைத் திறனாய்வு செய்து நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். “இது சுருக்கம். திறனாய்வு எங்கே?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்கே தவறினேன்?

கட்டுரை என்ன சொல்கிறது என்று எழுதினால் அது சுருக்கம். சொன்னதை எவ்வளவு தூரம் நம்பலாம், ஏன் என்று எழுதினால்தான் திறனாய்வு. 1,500 சொல்லில் எழுதுவதானால் சுருக்கத்துக்கு 250 சொல்லுக்கு மேல் தராதீர்கள். ஆய்வுக் கேள்வி, யாரிடம், எந்த வடிவமைப்பில், எதைக் கொண்டு அளந்தார்கள், என்ன கிடைத்தது. அவ்வளவு போதும்.

உங்கள் சிக்கல் எழுதுவதற்கு முன்பே, வாசித்த வரிசையிலேயே தொடங்கியிருக்கலாம். பெரும்பாலோர் முகப்புச் சுருக்கத்தையும் முடிவுரையையும் படித்துவிட்டு நடுப்பகுதிக்குப் போகிறார்கள். அதற்குள் கட்டுரையாளரின் வாதம் மனத்தில் பதிந்துவிடுகிறது. பிறகு அட்டவணையைப் பார்த்தால் அவர் காட்டியதுதான் கண்ணுக்குத் தெரியும்.

இப்படி மாற்றிப் பாருங்கள். முகப்புச் சுருக்கத்தில் ஆய்வுக் கேள்வி எது என்று மட்டும் தெரிந்துகொண்டு நேரே ஆய்வு முறைக்குப் போங்கள். யார், எத்தனை பேர், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எப்போது அளந்தார்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். அடுத்து அட்டவணைகள். அவற்றைப் பார்த்து முடித்ததும் கட்டுரையை மூடிவைத்துவிட்டு, இந்த எண்களிலிருந்து என்ன சொல்ல முடியும் என்று நீங்களே இரண்டு வாக்கியம் எழுதுங்கள். அதன் பிறகுதான் விவாதப் பகுதி. உங்கள் இரண்டு வாக்கியத்துக்கும் அவர்களுடைய முடிவுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் திறனாய்வு அங்கேதான் தொடங்குகிறது. இடைவெளி இருப்பது அபூர்வமும் அல்ல. முதன்மை விளைவில் (ஆய்வு முக்கியமாக அளக்க முன்வந்ததில்) தெளிவான வேறுபாடு கிடைக்காத 72 மருத்துவப் பரிசோதனைக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. அவற்றில் 58 விழுக்காட்டின் முகப்புச் சுருக்க முடிவு, சிகிச்சை பயன் தந்ததுபோலத் தோன்றும்படி திருப்பி எழுதப்பட்டிருந்தது.

இன்னொன்று, குறையை எழுதும் விதம். “மாதிரித் தேர்வு பொருத்தமாக இல்லை” என்று எழுதிவிட்டு நகர்ந்தால் அது புகார். இதையே இப்படி எழுதலாம்: “புதிய முறையில் படிக்க விரும்பி முன்வந்தவர்களையே பயிற்சிக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். அப்படி முன்வருபவர்கள் எந்த முறையில் கற்பித்தாலும் கூடுதலாக உழைக்கக்கூடியவர்கள். ஆகவே 6 மதிப்பெண் வேறுபாட்டில் ஒரு பங்கு அந்த ஆர்வத்தால் வந்திருக்கலாம். பயிற்சியின் உண்மையான பயன் இதைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.” என்ன செய்தார்கள், அதில் என்ன பழுது, அது முடிவை எந்தப் பக்கம் சாய்க்கும் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எல்லாக் குறையும் முடிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்றும் எண்ண வேண்டாம். இரு குழுவையும் ஒரே மாதிரி தெளிவில்லாமல் அளக்கும் கருவி பெரும்பாலும் வேறுபாட்டை மங்கச் செய்யும். அந்த மங்கலையும் மீறி வேறுபாடு தெரிந்தால், அக்குறையைக் காட்டி முடிவைத் தள்ளிவிட முடியாது.

செவிலியர் கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறேன். மாணவர்கள் எந்தக் கட்டுரையைக் கொடுத்தாலும் “மாதிரி அளவு சிறியது” என்று எழுதிவிடுகிறார்கள். எது சிறியது என்று எப்படிச் சொல்வது?

எண்ணிக்கையைத் தனியாகப் பார்த்துச் சொல்ல முடியாது. எவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தேடினார்கள் என்பதோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும். இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும்போது, திட்ட விலக்கத்தில் (அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதில்) பாதி அளவுள்ள வேறுபாட்டை 5 விழுக்காடு வரம்பில் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு), 80 விழுக்காடு வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள வேறுபாட்டைத் தேடினால் குழுவுக்கு 390-க்கும் மேல் வேண்டும். இந்தக் கணக்கை ஆய்வைத் தொடங்கும் முன்பே போட்டார்களா என்று ஆய்வு முறைப் பகுதியில் தேடச் சொல்லுங்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது நம்பிக்கை இடைவெளி, அதாவது தரவோடு ஒத்துப்போகும் வேறுபாடுகளின் கீழெல்லையும் மேலெல்லையும். “வேறுபாடு 4 மதிப்பெண், 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி −1 முதல் 9 வரை” என்று இருந்தால், தரவு சிறு தீங்கோடும் ஒத்துப்போகிறது, பெரிய பயனோடும் ஒத்துப்போகிறது. இங்கே “பயனில்லை என நிறுவப்பட்டது” என்று கட்டுரை சொன்னால் அது பிழை. தெரியவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. மாணவர்கள் “சிறியது” என்பதற்குப் பதிலாக இந்த இடைவெளியைக் குறிப்பிட்டு எழுதப் பழகினால் போதும்.

பள்ளிகளில் நடந்த ஆய்வுகளில் இதற்கு நேர்மாறான சிக்கல் வரும். மாதிரி பெரிதாகத் தெரியும், உண்மையில் சிறியதாக இருக்கும். 20 வகுப்புகள், வகுப்புக்கு 30 பேர், மொத்தம் 600 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 வகுப்புக்குப் புதிய முறை, 10 வகுப்புக்குப் பழைய முறை. ஒரே வகுப்பில் ஒரே ஆசிரியரிடம் படிப்பவர்களின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒற்றுமையை அளக்கும் குழுவுள் ஒட்டுறவு 0.2 என்றால் கணக்கு இப்படி: 1 + (30 − 1) × 0.2 = 6.8. 600-ஐ 6.8-ஆல் வகுத்தால் 88. தனித்தனியாகத் தேர்ந்தெடுத்த 88 பேரிடமிருந்து கிடைக்கும் தகவலே இந்த 600 பேரிடமிருந்தும் கிடைக்கிறது. இதைக் கவனிக்காமல் 600 பேரையும் தனி ஆட்களாக எண்ணிச் சோதனை செய்தால் இல்லாத வேறுபாடுகூட இருப்பதாகக் காட்டும். மாணவர், வகுப்பு என்ற நிலைகளைத் தனித்தனியே கணக்கில் கொள்ளும் பன்னிலைப் பகுப்பாய்வு போன்ற ஒரு முறையால் இதைச் சரிசெய்தார்களா என்று பாருங்கள். ஒரு பள்ளிக்குப் புதிய முறை, மற்றொரு பள்ளிக்குப் பழைய முறை என்று வைத்த ஆய்வை எந்தக் கணக்காலும் காப்பாற்ற முடியாது. அங்கே பள்ளிகளுக்கு இடையிலான வேறுபாட்டையும் கற்பிக்கும் முறையின் விளைவையும் பிரிக்க வழியே இல்லை.

பி மதிப்பு 0.05-க்குக் கீழே இருந்தால் கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது என்று பொருளா?

இல்லை. உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவோ இதைவிடப் பெரிதோ ஆன வேறுபாடு தரவில் தோன்ற எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டுமே பி மதிப்பு சொல்கிறது. கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பை அது சொல்வதில்லை, விளைவின் பெருமையையும் சொல்வதில்லை. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் தனி அறிக்கையே வெளியிட்டு இதை வலியுறுத்தியது.

திறனாய்வில் இரண்டு இடங்களைத் துருவிப் பாருங்கள். முதலாவது, எத்தனை சோதனை செய்தார்கள் என்பது. எங்குமே வேறுபாடு இல்லாத நிலையில் ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால், ஒன்றாவது தற்செயலாக 0.05-க்குக் கீழே விழ 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அட்டவணையில் 20 வரி, அதில் ஒரு வரிக்கு மட்டும் நட்சத்திரக் குறி, முகப்புச் சுருக்கம் முழுவதும் அந்த ஒரு வரியைப் பற்றியே என்றால் ஐயப்படுங்கள். திட்டத்தைத் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவு செய்த ஆய்வாக இருந்தால் அந்தப் பதிவேட்டைத் திறந்து, முதன்மை விளைவு என்று எதை அறிவித்தார்கள் என ஒப்பிடுங்கள். அறிவித்தது ஒன்று, அச்சில் முன்னிறுத்தியது வேறொன்று என்றால் உங்கள் திறனாய்வின் முதல் பத்தியே அதுவாக இருக்கட்டும்.

இரண்டாவது, கல்வி ஆய்வுகளில் அடிக்கடி காணும் பிழை. “பயிற்சிக் குழுவில் முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் வேறுபாடு, பி = 0.03. கட்டுப்பாட்டுக் குழுவில் பி = 0.08. ஆகவே பயிற்சி பயன் தந்தது.” இந்த ‘ஆகவே’ நிற்காது. இரு குழுவின் முன்னேற்றத்தையும் ஒன்றோடொன்று நேரடியாக ஒப்பிட்டிருக்க வேண்டும். அப்படி ஒப்பிட்டால் பல கட்டுரைகளில் வேறுபாடு காணாமல் போகும். மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்த ஆய்வென்றால் இன்னும் கவனம் வேண்டும். முதல் தேர்வில் அவர்களுக்கு நேர்ந்த தற்செயல் சறுக்கல் அடுத்த தேர்வில் அப்படியே தொடராது. ஒன்றுமே செய்யாவிட்டாலும் சராசரி மேலேறும்.

“நோய் வருவது பாதியாகக் குறைந்தது” என்று ஒரு கட்டுரை சொல்கிறது. மகிழ்ச்சி அடையலாமா?

எதில் பாதி என்று கேளுங்கள். 1,000 பேரில் 200 பேருக்கு வந்தது 100 ஆகக் குறைந்தாலும் பாதி. 1,000 பேரில் 2 பேருக்கு வந்தது ஒருவருக்கு என்று குறைந்தாலும் பாதி. முதல் நிலையில் 10 பேருக்குச் சிகிச்சை தந்தால் ஒருவர் தப்புகிறார். இரண்டாவதில் ஒருவரைக் காப்பாற்ற 1,000 பேருக்குத் தர வேண்டும். கட்டுரையில் சார்பு அளவு (‘பாதி’, ‘இரட்டிப்பு’ போன்றது) மட்டும் இருந்தால், அட்டவணையிலுள்ள எண்ணிக்கையிலிருந்து நேர் அளவை (1,000 பேரில் எத்தனை பேர் என்பதை) நீங்களே கணக்கிட்டுத் திறனாய்வில் சேருங்கள்.

இதன் பாதிப்பு ஏட்டோடு நிற்பதில்லை. 1995 அக்டோபரில் பிரிட்டனில் சில வகைக் கருத்தடை மாத்திரைகள் இரத்தக்கட்டு ஆபத்தை இரட்டிப்பாக்குகின்றன என்று மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. 7,000 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இருந்தது இருவருக்கு ஆனது, அதுதான் அந்த இரட்டிப்பு. அச்சத்தில் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாக 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிடப்பட்டது. கருவுறுதலே இரத்தக்கட்டு ஆபத்தை அந்த மாத்திரையைவிட அதிகமாக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வென்றால் காரண காரியத்தை ஏற்றுக்கொள்ளலாம் அல்லவா?

எண்ணிக்கை பெருகினால் தற்செயல் பிழைதான் குறையும். ஒருபக்கச் சாய்வு குறையாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தரப்படும் ஹார்மோன் சிகிச்சை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதை எடுத்துக்கொண்டவர்களுக்கு இதய நோய் குறைவு என்று பெரிய நோக்கீட்டு ஆய்வுகள் (யாருக்கு என்ன சிகிச்சை என்று ஆய்வாளர் தீர்மானிக்காமல், நடப்பதைப் பின்தொடர்ந்து பார்ப்பவை) சொல்லிவந்தன. 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து அமெரிக்காவில் நடந்த பரிசோதனையின் முடிவு 2002-இல் வந்தது. ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் சேர்த்து எடுத்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேரில் 37 பேருக்கு இதய நோய் நிகழ்வு, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 30 பேருக்கு. காப்பதாகச் சொன்ன சிகிச்சை காக்கவில்லை. முந்தைய ஆய்வுகளில் ஹார்மோனை விரும்பி எடுத்தவர்கள் பெரும்பாலும் வசதியும் படிப்பும் உடல்நல அக்கறையும் கூடியவர்கள் என்பது வேறுபாட்டுக்கு ஒரு முக்கிய விளக்கம். எந்த வயதில் தொடங்கினார்கள் என்பதும் முடிவை மாற்றியிருக்கலாம் என்ற விவாதம் பிறகும் தொடர்ந்தது.

ஆகவே நோக்கீட்டு ஆய்வைத் திறனாயும்போது “இடைபுகும் காரணிகள் இருக்கலாம்” என்று பொதுவாக எழுத வேண்டாம். எந்தக் காரணி என்று பெயர் சொல்லுங்கள். அது ஒப்பிடும் இரு குழுவிலும் வேறுபட்டிருக்க வேண்டும், விளைவையும் பாதிக்க வேண்டும். அதைக் கட்டுரை அளந்ததா, கணக்கில் சேர்த்ததா என்று தேடுங்கள். அளக்காத காரணியை எந்தப் பகுப்பாய்வாலும் சேர்க்க முடியாது.

12 பேரிடம் நேர்காணல் எடுத்த பண்புசார் ஆய்வு. இதையும் எண்ணிக்கையால் அளக்கலாமா?

கூடாது. அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. 12 பேர் போதலாம். கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களைப் படிப்படியாக ஆராய்ந்த 2006-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, முதல் 12-க்குள்ளேயே பெரும்பாலான குறியீடுகள் (பேச்சிலிருந்து பிரித்தெடுத்துப் பெயரிட்ட கருத்துகள்) வந்துவிட்டதைக் காட்டியது. ஆனால் அவர்கள் ஓரளவு ஒரே தன்மையுடைய குழு, கேள்விகளும் ஒரே கட்டமைப்பில் இருந்தன. மூன்று வகை ஊழியர்களைக் கலந்து மொத்தம் 12 பேரிடம் பேசிவிட்டு “நிறைவு நிலை எட்டப்பட்டது” என்று ஒரே வரியில் முடித்தால் அதற்குச் சான்று கேளுங்கள். கடைசி இரண்டு மூன்று நேர்காணல்களில் புதிதாக எதுவும் வரவில்லை என்று காட்டியிருக்க வேண்டும்.

அடுத்து, கேட்டவர் யார்? தலைமையாசிரியரே தம் பள்ளி ஆசிரியர்களிடம், சிகிச்சை தரும் மருத்துவரே தம் நோயாளிகளிடம் நேர்காணல் எடுத்திருந்தால், மனக்குறையை எத்தனை பேர் வாய்திறந்து சொல்லியிருப்பார்கள்? அந்த உறவைப் பற்றிக் கட்டுரை ஒரு பத்தியாவது பேச வேண்டும்.

பிறகு மேற்கோள்களை எண்ணுங்கள். இது எளிய வேலை, பலனோ பெரிது. ஒவ்வொரு மேற்கோளின் கீழும் பங்கேற்பாளர் எண் இருக்கும். 14 மேற்கோள்களில் 9 இருவருடையவை என்றால், மற்ற பத்துப் பேர் என்ன சொன்னார்கள் என்பது தெரியாமலே கருப்பொருள்கள் உருவாகியிருக்கின்றன. மாறுபட்டுப் பேசிய ஒருவரையாவது எடுத்துக்காட்டி விளக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். எல்லாக் குரலும் ஒரே சுருதியில் ஒலித்தால் பகுப்பாய்வு அவசரத்தில் முடிந்திருக்கலாம். நேர்காணலில் கேட்ட கேள்விகளே கருப்பொருள்களின் தலைப்பாகத் திரும்பி வந்திருந்தால் பகுப்பாய்வு நடக்கவே இல்லை, தொகுப்புதான் நடந்திருக்கிறது.

எனக்குப் புள்ளியியல் வராது. ஆனாலும் எண்களைச் சரிபார்க்க வழி உண்டா?

உண்டு. ஒரு கால்குலேட்டர் போதும்.

ஆட்களின் எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். 120 பேர் சேர்ந்தார்கள், கடைசி அட்டவணையில் 78 பேர். 42 பேர், அதாவது 35 விழுக்காட்டினர் எங்கே? எந்தக் குழுவிலிருந்து எத்தனை பேர் போனார்கள், ஏன்? பயிற்சி கடினமாக இருந்ததால் பின்தங்கியவர்கள் விலகியிருந்தால், மிஞ்சியவர்களின் சராசரி தானாக உயரும்.

விழுக்காடுகளைப் பாருங்கள். குழுவில் 25 பேர் என்றால் எந்த விழுக்காடும் 4-இன் மடங்காகத்தான் வரும். அங்கே 37 விழுக்காடு என்றிருந்தால், ஒன்று சிலர் பதில் சொல்லவில்லை, அல்லது எண் தவறு.

சராசரிக்கும் இதே உத்தி. 1 முதல் 5 வரை முழு எண்ணாகப் பதில் சொல்லும் ஒரே கேள்வி, 20 பேர், சராசரி 3.47 என்று அச்சாகியிருக்கிறது. 3.47-ஐ 20-ஆல் பெருக்கினால் 69.4. முழு எண்களின் கூட்டுத்தொகை 69 ஆகலாம், 70 ஆகலாம். அதற்கேற்பச் சராசரி 3.45 அல்லது 3.50. 3.47 வரவே முடியாது. 2016-இல் முன்வைக்கப்பட்ட இந்தச் சோதனைக்கு ‘கிரிம்’ என்று பெயர். இரண்டு தசம இடம் வரை தந்திருக்கும்போது 100-க்குக் குறைவான ஆட்கள் உள்ள இடத்தில்தான் இது பயன்படும். பல கேள்விகளின் சராசரியென்றால் ஆட்களின் எண்ணிக்கையைக் கேள்விகளின் எண்ணிக்கையாலும் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

திட்ட விலக்கத்தையும் திட்டப் பிழையையும் (சராசரி எவ்வளவு துல்லியம் என்று காட்டும் அளவு) மாற்றி அச்சிடுவது அடிக்கடி நடக்கிறது. 100 மதிப்பெண் தேர்வை 100 பேர் எழுதியிருக்கிறார்கள், திட்ட விலக்கம் 1.2 என்று போட்டிருக்கிறது. அப்படியானால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே மதிப்பெண் வாங்கியிருக்க வேண்டும். அது திட்டப் பிழையாக இருக்கவே வாய்ப்பு. 100-இன் வர்க்கமூலமான 10-ஆல் பெருக்கினால் உண்மையான திட்ட விலக்கம் 12. இந்த 1.2-ஐக் கொண்டு விளைவளவை (சராசரி வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்தது) கணக்கிட்டிருந்தால் அது பத்து மடங்கு ஊதியிருக்கும்.

விளைவளவுக்கு 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது என்ற புள்ளியியலாளர் ஜேக்கப் கோஹனின் அளவுகோலை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பொதுத் தேர்வு மதிப்பெண்ணை அளவாகக் கொண்ட கல்விப் பரிசோதனைகளுக்கு அது பொருந்தாது. அங்கே 0.2-ஏ பெரிய விளைவு என்று 2020-இல் கல்வி ஆய்வாளர் மேத்யூ கிராஃப்ட் எடுத்துக்காட்டினார். ஒரு சில வாரப் பயிற்சிக்கு 2.0-க்கு மேல் விளைவளவு சொல்லும் கட்டுரையைக் கண்டால் முதலில் அந்தத் திட்ட விலக்கத்தைச் சோதியுங்கள். அதுவும் சரியாக இருந்தால், பயிற்சியில் சொல்லிக்கொடுத்த கேள்விகளையே தேர்விலும் கேட்டார்களா என்று பாருங்கள்.

புகழ்பெற்ற இதழில், சக மதிப்பாய்வுக்குப் பின் வெளியானதைக் குறை சொல்ல நாம் யார்?

நீங்கள் வாசகர், அதுவே போதுமான தகுதி. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்குமான கூட்டுத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப்போட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை ‘லான்செட்’ இதழில்தான் வந்தது. 12 குழந்தைகள், ஒப்பீட்டுக் குழு இல்லை. இந்த இரண்டு உண்மையும் முதல் நாளிலிருந்தே கட்டுரைக்குள் இருந்தன. இதழ் அதைத் திரும்பப் பெற்றது 2010-இல். திறனாய்வைத் தொடங்கும் முன் கட்டுரையின் தலைப்பை, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ‘ரிட்ராக்ஷன் வாட்ச்’ தரவுத்தளத்திலும் இதழின் தளத்திலும் தேடிப் பாருங்கள். திருத்தமோ திரும்பப் பெறுதலோ இருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பல ஆய்வுகளைத் தொகுத்த முறையான மீளாய்வை எங்கிருந்து எடைபோடுவது?

தேடல் பகுதியிலிருந்து. எந்தத் தரவுத்தளங்கள், எந்தச் சொற்கள், எந்தத் தேதி வரை, அச்சாகாத ஆய்வுகளைத் தேடினார்களா? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவான மனச்சோர்வு மருந்துப் பரிசோதனைகள் 74-ஐ அச்சில் வந்தவற்றோடு ஒப்பிட்ட கட்டுரை 2008-இல் வந்தது. அச்சில் வந்தவற்றை மட்டும் படித்தால் 94 விழுக்காடு வெற்றி என்று தெரியும். அமைப்பின் கோப்புகளின்படி 51 விழுக்காடுதான். அச்சாகாதவற்றைத் தேடாத மீளாய்வின் சராசரி எந்தப் பக்கம் சாயும் என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆய்வின் விளைவையும் அதன் துல்லியத்தோடு சேர்த்துப் புள்ளியாகக் காட்டும் புனல் வரைபடத்தைக் காட்டிச் சாய்வில்லை என்று வாதிட்டால் ஆய்வுகளை எண்ணுங்கள். பத்துக்குக் கீழே இருந்தால் அந்தப் படத்திலிருந்து எதையும் படிக்க முடியாது.

சரிபார்ப்புப் பட்டியலை வைத்து “27-க்கு 22” என்று மதிப்பெண் போட்டுத் திறனாய்வை முடிக்கலாமா?

வேண்டாம். பரிசோதனைகளுக்கான ‘கன்சார்ட்’, நோக்கீட்டு ஆய்வுகளுக்கான 22 கூறுகள் உள்ள ‘ஸ்ட்ரோப்’, முறையான மீளாய்வுகளுக்கான 27 கூறுகள் உள்ள ‘பிரிஸ்மா’, நேர்காணல் ஆய்வுகளுக்கான 32 கூறுகள் உள்ள ‘கோரெக்’ ஆகியவை எவற்றையெல்லாம் கட்டுரையில் எழுத வேண்டும் என்று சொல்லும் பட்டியல்கள். ஆய்வு நன்றாக நடந்ததா என்பதை அவை அளப்பதில்லை. மோசமாக நடந்த ஓர் ஆய்வை முழுமையாக எழுதி 27-க்கு 27 வாங்கிவிடலாம். மதிப்பெண்ணாகக் கூட்டும்போது தலைப்பில் ஆய்வு வகையைக் குறிப்பிடாத குறையும், சமவாய்ப்புப் பிரிப்பை மறைக்காத குறையும் (அடுத்தவர் எந்தக் குழுவுக்குப் போவார் என்று ஆட்களைச் சேர்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிவது) ஆளுக்கு ஒரு மதிப்பெண் ஆகிவிடும். முன்னது எழுத்துக் குறை, பின்னது முடிவையே கவிழ்க்கக்கூடியது. எதையும் தவறவிடாமல் இருக்கப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது முடிவை மாற்றக்கூடிய இரண்டு அல்லது மூன்று குறைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுப் பத்தி கொடுங்கள். மற்றவற்றை ஒரே வாக்கியத்தில் சேர்த்துக் குறிப்பிட்டால் போதும்.